ஒன்றுக்குக் கீழே இறங்கிய வால்

சென்ற மாதம் எங்கள் துறையின் இளம் விரிவுரையாளர் ஒருவர் சிட்லபாக்கத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தார். துறையின் ஆண்டு மலரில் போடுவதற்காக, ஆய்வுக்கூடத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும் பழைய வரைபடம் ஒன்றைக் கைபேசியில் படம் எடுத்து வந்திருந்தார். வரைபடத் தாளில் கையால் வரைந்த ஒரே ஒரு வளைகோடு.

"சார், இத அப்படியே போட்டா ஒரு மாதிரி இருக்கும். கடைசில வால் கொஞ்சம் தொங்கிப் போயிருக்கு பாருங்க. கம்ப்யூட்டர்ல நீட்டா வரைஞ்சு, அத மட்டும் நேராக்கிப் போட்டுடட்டுமா?" என்று கேட்டார்.

மரியாதையாகத்தான் கேட்டார். அவர் கரிம வேதியியல் படித்தவர். அந்தக் கோடு என்ன சொல்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நான் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். அவர் போன பிறகு 1983, 1992 ஆகிய இரண்டு வருடங்களின் நாட்குறிப்புகளை அலமாரியிலிருந்து இறக்கினேன். மலருக்கு நான் தரப்போவது படமல்ல, இந்தக் கட்டுரை.

நான் 1979 ஜூலையில் தாம்பரத்துக் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்தேன். 1985இல் அங்கேயே விரிவுரையாளர் ஆனேன். ஓய்வு பெறும்வரை வேறெங்கும் போகவில்லை. படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் இரண்டு வருடம் கணிதம் கற்றுக்கொண்டேன், மூன்றாம் வருடம் அதில் பாதி தேவையில்லை என்று கற்றுக்கொண்டேன். என் பொருள் திரவங்கள். சோதனைக் குழாயைத் தொடாத வேதியியல். உறவினர்களுக்கு விளக்குவது கடினம். "கெமிஸ்ட்ரின்னா ஆசிட் எல்லாம் இருக்குமே, உனக்கு இல்லையா?" என்று என் மாமா கடைசிவரை வருத்தப்பட்டார்.

நான் என்ன செய்தேன் என்பது புரியாமல் மற்றது புரியாது. காலை எட்டரை மணிக்குத் தாம்பரம் நடைமேடையில் நிற்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். தோள் இடிக்கும் தூரத்தில் அவரைச் சுற்றி ஒரு வளையமாக ஆட்கள். அதற்கு வெளியே, கொஞ்சம் கலைந்தாற்போல் இன்னொரு வளையம். இருபதடி தள்ளிப் போனால் அவர் அங்கே நிற்பதால் எந்த வித்தியாசமும் இல்லை. அங்கே இருப்பது சராசரிக் கூட்டம். திரவத்தில் ஒரு மூலக்கூறைச் சுற்றியும் இப்படித்தான். தூரத்தை இடமிருந்து வலமாகவும், அந்தத் தூரத்தில் உள்ள கூட்டம் சராசரியைப் போல் எத்தனை மடங்கு என்பதை மேல்நோக்கியும் குறித்தால் ஒரு கோடு கிடைக்கும். முதலில் உயரமான சிகரம், அடுத்து சின்னச் சிகரம், பிறகு அலைந்து அலைந்து, ஒன்று என்ற மதிப்பில் வந்து படுத்துவிடும். அந்தக் கடைசிப் பகுதியை வால் என்போம். திரவங்களைப் பற்றி நாங்கள் சொல்லும் அநேகமாக எல்லாமே அந்தக் கோட்டிலிருந்து வருவதுதான்.

என் வழிகாட்டி பேராசிரியர் தேவசகாயம். கல்லூரி வளாகத்துக் குடியிருப்பிலிருந்து சைக்கிளில் வருவார். மாணவர்கள் எல்லாரையும் 'நீங்க' என்றே அழைப்பார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு அந்த வாரத்து முடிவுகளை அவர் மேஜையில் வைக்க வேண்டும். எந்த எண்ணைப் பார்த்தாலும் அவருக்கு இரண்டு கேள்விகள் இருந்தன.

"இத யார் போட்டது?"

"நான் சார்."

"ரெண்டாவதா யார் போட்டாங்க?"

இரண்டாவதாக ஒருவர் போடவில்லை என்றால் தாளைப் படிக்கமாட்டார். எங்கள் கூடத்தில் ஒவ்வொரு கணக்குக்கும் இரண்டு நோட்டுகள் உண்டு. இருவர் தனித்தனியே போட வேண்டும், ஒருவர் நோட்டை மற்றவர் பார்க்கக் கூடாது. இரண்டும் ஒத்துப்போனால், தாளின் மூலையில் தேதி போட்டுச் சுருக்கொப்பம் இடுவார். ஒத்துப்போகாவிட்டால் தாளைக் கவிழ்த்து நம் பக்கம் தள்ளிவைப்பார், அவ்வளவுதான். அந்தக் கவிழ்த்த தாளை எடுத்துக்கொண்டு வெளியே வருவதைவிடத் திட்டு வாங்குவது மேல் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

அந்தக் காலத்தில் கல்லூரியில் கணிப்பொறி கிடையாது. கிண்டிப் பக்கம் ஒரு நிறுவனத்தின் கணிப்பொறி மையத்தில் வாரத்துக்குச் சில மணி நேரம் தந்தார்கள். கணிப்பொறிக்கான கட்டளைகளை நிரல் என்போம்; அதன் ஒவ்வொரு வரியும் துளையிட்ட ஒரு தனி அட்டை. ஏறக்குறைய நானூறு அட்டைகளை ஒரு செருப்புப் பெட்டியில் வரிசையாக அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு மின்ரயிலில் போவேன். ஒரு தடவை பல்லாவரத்தில் ஏறியவர் தெரியாமல் இடித்து, பெட்டி கவிழ்ந்து, கிண்டி வரும்வரை நான்கு பேர் பெஞ்சுக்கடியில் குனிந்து எனக்காக அட்டை பொறுக்கினார்கள். அதிலிருந்து பெட்டிக்குச் சணல் கட்டினேன்.

மையத்தின் வாசல் மேஜையில் முனுசாமி என்பவர் அட்டைகளை வாங்கிவைத்து, மறுநாள் அச்சிட்ட தாளைத் தருவார். நான் தண்ணீரைப் பற்றிக் கணக்குப் போடுகிறேன் என்று எப்படியோ அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னா சார், மூணு மாசமா வந்துகினு கீற. அந்தத் தண்ணி இன்னும் கொதிக்கலியா?" என்பார்.

1983 ஆகஸ்டில் நான் தண்ணீரில் கரைந்த ஆல்கஹாலைப் பற்றிக் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். கரைந்த ஆல்கஹால் மூலக்கூறுகள் தண்ணீருக்குள் சீராகப் பரவுகின்றனவா, அல்லது தங்களுக்குள் கூட்டம் சேர்கின்றனவா என்பதுதான் கேள்வி. கணிப்பொறிக்குள் ஒரு கற்பனைப் பெட்டி, அதில் இருநூற்றுச் சொச்சம் மூலக்கூறுகள். அதற்கு மேல் அந்த இயந்திரம் தாங்காது. கோடு அழகாக வந்தது. ஆனால் வால் ஒன்றில் உட்காரவில்லை. கொஞ்சம் கீழே நின்றது. மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்ப ஒன்பது நாள் இருந்தது. கணிப்பொறி நேரம் ஒரே ஒரு தடவைக்கு மிச்சம் இருந்தது.

வால் கீழே நிற்பது எங்களுக்குப் புதிதல்ல. சின்னப் பெட்டியில் கணக்குப் போட்டால் அப்படி ஆவதுண்டு. நீண்ட நேரம் ஓட்டினால் சரியாகிவிடும் என்று எல்லாரும் நம்பினோம். கையால் வரையும்போது பென்சிலை வால் பக்கம் லேசாகத் தூக்கிவிடுவோம். 'வாலை உட்கார வைக்கிறது' என்று அதற்குப் பெயரே இருந்தது. நான் பென்சிலுக்குப் பதிலாக நிரலிலேயே அதைச் செய்தேன். முழுக் கோட்டையும் ஒன்றைவிடச் சற்றே பெரிய ஓர் எண்ணால் பெருக்கி, வால் ஒன்றுக்கு வரும்படி ஒரே ஒரு வரி. புதிய அட்டை வேண்டும் என்று முனுசாமியிடம் கேட்டேன்.

"வெள்ள தீந்து போச்சு சார். ரோஸ் தான் கீது."

ரோஸ் நிற அட்டையில் துளையிட்டு, செருப்புப் பெட்டியின் பின்பாதியில் செருகினேன். அன்றைய நாட்குறிப்பில், 'கிண்டி. வெள்ளை அட்டை இல்லை. திரும்பும்போது மழை' என்று இருக்கிறது.

வியாழக்கிழமை பேராசிரியர் இரண்டு கேள்விகளையும் கேட்டார். எனக்கு அடுத்துச் சேர்ந்த மாணவர் இரண்டாவது நோட்டைப் போட்டிருந்தார். இரண்டும் கடைசி இலக்கம்வரை ஒத்துப்போயின. ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? இரண்டு நோட்டுகளும் நான் கொண்டுவந்த ஒரே அச்சுத் தாளிலிருந்து எழுதப்பட்டவை. பேராசிரியர் மூலையில் சுருக்கொப்பம் இட்டார். ஆல்கஹால் மூலக்கூறுகள் தண்ணீருக்குள் நன்றாகவே கூட்டம் சேர்கின்றன என்பது எங்கள் முடிவு. கட்டுரை வெளிவந்தது. வெளிநாட்டிலிருந்து கேட்டு எழுதினார்கள். என் பட்டமும் வேலையும் அதை வைத்து வந்தவை. ரோஸ் அட்டையை நான் மறந்துபோனேன். இதை யாரும் நம்பாமல் போகலாம், ஆனால் உண்மையிலேயே மறந்துபோனேன்.

கல்யாணி 1987இல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். பொழிச்சலூரிலிருந்து வருவார். அப்பா விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலையில் இருந்தார். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் கல்யாணி. பேராசிரியர் வழிகாட்டி, நான் துணை வழிகாட்டி. அதற்குள் கல்லூரிக்கே கணிப்பொறி வந்துவிட்டது, அட்டைகள் போய்விட்டன. என் பழைய கணக்கை இன்னும் பெரிய பெட்டியில், நாலாயிரம் மூலக்கூறுகளுடன் போட்டு, அதிலிருந்து மேலே போவதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. நிரலை அவரே புதிதாக எழுதினார்.

1990இல் அவருக்குக் கிடைத்த முடிவு என்னுடையதோடு ஒத்துப்போகவில்லை. அவர் கோட்டில் வால் ஒன்றுக்குக் கீழே இறங்கியது. கூட்டம் சேர்வதே இல்லை என்று சொல்லுமளவுக்கு கூட்டத்தின் அளவைச் சொல்லும் எண் அவருக்குக் குறைந்தது. எங்காவது தவறு இருக்கும், பாருங்கள் என்றேன். பார்த்தார். மறுபடி எழுதினார். எண்களைத் தோராயப்படுத்தும் விதத்தை மாற்றினார். ஒவ்வொரு தடவையும் அதே வால், அதே இறக்கம். ஒவ்வொரு வியாழனும் பேராசிரியர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். என் பழைய தாளில் அவருடைய சுருக்கொப்பம் இருக்கும். கல்யாணியின் தாளைக் கவிழ்த்துவைப்பார். இப்படி இரண்டு வருடம் ஓடியது. உதவித்தொகை 1992 ஜூலையில் முடிய இருந்தது. அதற்குள் ஆய்வேடு கொடுக்காவிட்டால் ஐந்து வருட உழைப்பு கையில் ஒன்றுமில்லாமல் போகும்.

1992 பிப்ரவரி 21, வெள்ளிக்கிழமை. கல்யாணிக்கு உதவலாம் என்று நினைத்து, என் பழைய நிரலை வரி வரியாகப் படித்துக்காட்ட, பரண்மேல் இருந்த செருப்புப் பெட்டியை எடுத்தேன். சணலை அவிழ்த்து மூடியைத் திறந்தேன். நானூறு அட்டைகளின் மேல்விளிம்பு, பழுப்பேறிய வெள்ளையாக வரிசையாகத் தெரிந்தது. பின்பாதியில் ஒரே ஒரு ரோஸ் கோடு.

அதை உருவிப் படிக்கத் தேவையே இருக்கவில்லை. பார்த்த நொடியில் அதில் என்ன இருக்கிறது, ஏன் இருக்கிறது எல்லாம் திரும்பி வந்துவிட்டது. ஒரு தாளை எடுத்துக் கல்யாணியின் கோட்டை வரைந்து, என் கணக்கின் கற்பனைப் பெட்டி முடியும் தூரத்தில் ஒரு செங்குத்துக் கோடு போட்டேன். அந்த இடத்தில் அவர் வால் ஒன்றுக்குக் கீழே இருந்தது, நான் தூக்குவதற்கு முன் என்னுடையது இருந்த அதே அளவுக்கு. அதற்கு அப்பால், அவருடைய பெரிய பெட்டியில், கோடு மெல்ல ஏறி ஒன்றைத் தொட்டது. என் பெட்டி அது ஏறுவதற்கு முன்பே முடிந்துவிட்டது. அந்தப் பள்ளம் திரவத்தின் இயல்பு. கணக்கில் வந்த குறை அல்ல. நான் அதை மேலே தூக்கியபோது முழுக் கோடும் கூடவே எழுந்தது. எல்லா வளையங்களையும் கூட்டித்தான் கூட்டத்தின் அளவைச் சொல்வோம்; தொலைவில் உள்ள வளையங்கள் பெரியவை. அங்கே நூலளவு தூக்கினாலும் கூட்டுத்தொகை எங்கோ போய்விடும். நாங்கள் கண்டுபிடித்த கூட்டத்தில் பெரும்பகுதி அந்த அட்டை சேர்த்தது.

இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். ஏப்ரல் முடிவில் பேராசிரியர் ஓய்வு பெறுகிறார். பாராட்டு விழாவில் அந்தக் கட்டுரையைப் பற்றிப் பேச வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். விழா முடியட்டும், கல்யாணிக்கு அதற்குள் வேறு ஒரு சிறிய பொருளை மாற்றிக் கொடுத்துவிடலாம் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு என் வேலையைப் பற்றிய பயமும் இருந்தது. பிப்ரவரி 21இன் குறிப்பில், 'பழைய பெட்டி பார்த்தேன். வெயில் கூடுதல்' என்று இருக்கிறது. மறுநாள் ஏரிக்கரை நடை. அதற்கடுத்த நாள் ரயில் இருபது நிமிடம் தாமதம். எல்லாம் எழுதியிருக்கிறேன், அதை மட்டும் எழுதவில்லை.

மார்ச் 9, திங்கள். கல்யாணி என் அறைக்கு வந்தார். ஆராய்ச்சிப் பதிவை விலக்கிக்கொள்வதாக எழுதிக்கொடுத்துவிட்டதாகவும், பேராசிரியர் யோசிக்கச் சொன்னதாகவும், தான் வற்புறுத்தியதால் அவர் கையெழுத்துப் போட்டதாகவும் சொன்னார். பம்மலில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது. "எனக்கு இது வரல சார். வராததப் பிடிச்சுகிட்டு இருக்கக் கூடாதுன்னு அப்பா சொல்றார்" என்றார். நான் உட்காரச் சொன்னேன். டீ வரவழைத்தேன். அவர் குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார். அப்போதும் நான் சொல்லவில்லை. மறுநாள் காலை அந்தக் கடிதம் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது.

மார்ச் 11, புதன்கிழமை காலை, ரோஸ் அட்டையையும் அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனேன். நின்றபடியே சொன்னேன். அவர் அட்டையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் துளைகளை ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு என் தாளைப் படித்தார். வெகுநேரம் படித்தார்.

"எப்பப் பாத்தீங்க?"

"பத்தொம்பது நாள் ஆச்சு சார்."

"கல்யாணி எழுதிக் குடுத்தது?"

"முந்தாநாள்."

அலமாரியைத் திறந்து அந்தக் கட்டுரையின் அச்சுப் பிரதியை எடுத்தார். முதல் பக்கத்தில் இருந்த எங்கள் இருவர் பெயரையும் பார்த்தார். அதை மேஜையில் கவிழ்த்துவைத்தார். அவர் தன் தாளைக் கவிழ்த்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

"வாங்க, பொழிச்சலூர் போயிட்டு வரலாம்" என்றார்.

பல்லாவரம்வரை ரயில், பிறகு பஸ். விமானங்கள் கூரையைத் தொடுவது போல் போகும் தெரு. சத்தம் வரும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு, போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வது அந்த வீட்டின் வழக்கமாக இருந்தது. கல்யாணியின் அப்பா இரவு ஷிப்ட் முடித்து வந்திருந்தவர், சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். இரண்டு வாத்தியார்கள் வீடு தேடி வந்ததில் பயந்துபோயிருந்தார்.

"எம் பொண்ணு இன்னா தப்பு பண்ணிச்சு சார்?"

"அவங்க ஒரு தப்பும் பண்ணலைங்க. நாங்க பண்ணிட்டோம்" என்றார் பேராசிரியர். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களே சொல்லுங்க. பத்தொம்பது நாளையும் சேத்துச் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். நடுவில் ஒரு விமானம் போனது. பாதி வாக்கியத்தில் நிறுத்தி, அது கடந்து போகும்வரை கல்யாணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் அழவில்லை. தாளை வாங்கி, நான் போட்டிருந்த செங்குத்துக் கோட்டின் மேல் விரலை வைத்து, அங்கிருந்து வலது பக்கமாக மெதுவாக நகர்த்தினார்.

"ரெண்டு வருஷமா என் கணக்குல தப்பு எங்கன்னு தேடினேன் சார். உங்க கணக்குல தேடணும்னு எனக்குத் தோணவே இல்ல."

பேராசிரியர்தான் பேசினார். பதிவை மீட்க முடியுமா என்று பல்கலைக்கழகத்தில் கேட்பதாகவும், பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்பப் போவதாகவும், அதில் முதல் பெயர் கல்யாணியுடையதாக இருக்கும் என்றும் சொன்னார். கல்யாணி யோசித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"அனுப்பறதுக்கு முன்னாடி, ரெண்டாவது நோட்ட யார் சார் போடுவாங்க?"

"இவர் போடுவார். உங்க நிரலப் பாக்காம, முதல் வரிலேர்ந்து" என்றார் பேராசிரியர்.

போட்டேன். மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமும் அதுதான் வேலை. நாலாயிரம் மூலக்கூறுகளோடு என் கோடும் இறங்கி, பிறகு ஏறியது. கல்யாணியின் எண்ணோடு ஒத்துப்போனது. பேராசிரியர் ஓய்வு பெற்ற நாளில், தன்னைப் பற்றிய உரையிலிருந்து அந்தக் கட்டுரையை எடுத்துவிடச் சொன்னார். மேடையில் அவரே எழுந்து, அது தவறு என்றும், தவறைக் கண்டது யார் என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். திருத்தம் அந்த வருடமே வெளிவந்தது. நான் வேலையை விட முன்வந்து எழுதிய கடிதத்தைக் கல்லூரி ஏற்கவில்லை. பதவி உயர்வு ஐந்து வருடம் தள்ளிப்போனது. அது நியாயம்.

கல்யாணியின் பதிவை மீட்க முடியவில்லை. உதவித்தொகை நின்றது நின்றதுதான். அவர் புதிதாகப் பதிவு செய்து, பகலில் பம்மல் பள்ளியில் பாடம் நடத்தி, சனிக்கிழமைகளில் ஆய்வுக்கூடம் வந்து, 1996இல் பட்டம் வாங்கினார். அதற்குள் வெளிநாட்டு ஆராய்ச்சி வாய்ப்புகளுக்கான வயது வரம்பைக் கடந்திருந்தார். பள்ளியிலேயே இருந்து தலைமையாசிரியராக ஓய்வு பெற்றார். நான் பிப்ரவரியில் வாய் திறந்திருந்தால் அந்தக் கடிதம் எழுதப்பட்டே இருக்காது. மார்ச் 9 அன்று டீ ஆறுவதற்குள் சொல்லியிருந்தாலும் பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்காது. ஆயிரம் காரணங்கள் சொல்லிப் பார்த்துவிட்டேன், தேதிகள் மாறவில்லை.

இதை எழுதலாமா என்று கேட்கப் போன வாரம் கல்யாணிக்குத் தொலைபேசினேன். அவர் பக்கத்தில் விமானச் சத்தம் கேட்டது. இருவரும் பழக்கப்படி நிறுத்திக் காத்திருந்தோம்.

"எழுதுங்க சார்," என்றார். "பத்தொம்பது நாளையும் எழுதுங்க."

எழுதிவிட்டேன். மலர்க் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் படத்தை அப்படியே போடுங்கள். அதை வரைந்தது கல்யாணி, கீழே பென்சிலில் இருக்கும் இரண்டாவது ஒப்பம் என்னுடையது. மூலையில் பேராசிரியரின் தேதியும் இருக்கிறது. வால் தொங்குவது போல் தெரியும் இடத்தில் கை வைக்க வேண்டாம். தாளின் வலது ஓரம்வரை பாருங்கள், அது தானாக ஏறுகிறது.